ஒருக்காதானுங்களே வரும்?

எங்கள் நிகழ்ச்சிக்குக் கிடைத்த நேரம் இரவு பத்தரை மணி. தொடர்களும் பாட்டும் முடிந்து, பிள்ளைகள் தூங்கி, பெரியவர்கள் வாசல் விளக்கை அணைத்துவிட்டு வந்து உட்காரும் நேரம். 1993 ஏப்ரலில் சன் டி.வி. ஒளிபரப்பைத் தொடங்கியபின் தமிழில் தனியார் சேனல்கள் அடுத்தடுத்து வந்தன. அந்த அலையில் ஒரு சேனலில் செய்தியாளராகச் சேர்ந்தவள் நான். வீட்டுக் கூடத்தில் யாரும் வாய்விட்டுப் பேசாத விஷயங்களைப் பற்றி வாரம் ஒரு முறை அரை மணி நேரம் பேசலாம் என்று அனுமதி கொடுத்தார்கள். எய்ட்ஸ், பெண்சிசுக் கொலை, வீட்டுக்குள்ளேயே குழந்தைகளுக்கு நடக்கும் கொடுமை, அரவானிகள் (இன்றைய சொல்லில் திருநங்கைகள்) வாழ்க்கை என்று நான் எழுதிக் கொடுத்த பட்டியலைப் பார்த்துவிட்டுத்தான் பத்தரை மணி என்று முடிவு செய்தார்கள்.

விளம்பரதாரர்கள் பக்கத்திலேயே வரவில்லை. ஆணுறை என்று டாக்டர் சொல்லலாம், நிகழ்ச்சியை நடத்துகிற பெண் சொல்லக் கூடாது என்பது எங்கள் அலுவலகத்தில் எழுதாத சட்டம். ஊருக்கு ஊர் சுவர்களில் நிரோத் ஆணுறை விளம்பரம் எழுதியிருந்த காலம் அது. தெருவில் நின்று எல்லோரும் படித்த சொல் கூடத்துக்குள் வரும்போது மட்டும் ஒரு டாக்டரின் துணை அதற்குத் தேவைப்பட்டது. அந்தச் சொல்லுக்காக நான் எடிட்டிங் அறையில் எத்தனையோ இரவு சண்டை போட்டிருக்கிறேன். போட்டிருக்க வேண்டிய சண்டைதான் அது. நோய் எப்படிப் பரவுகிறது, எப்படித் தடுப்பது என்று தெரியாமல் ஆட்கள் செத்துக்கொண்டிருந்தார்கள்.

சென்னையில் இது தெரிந்து அதற்குள் பத்து வருடம் ஆகியிருந்தது. சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் 1986-இல் ரத்த மாதிரிகளைச் சேகரித்து, அவற்றை வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் சோதித்தபோதுதான் இந்தியாவுக்குள் ஹெச்.ஐ.வி. வந்துவிட்டது என்பது உறுதியானது. இந்த நாட்டில் அந்த உண்மையை முதலில் கண்டது தமிழ்நாடு. முதலில் வாயைப் பொத்திக்கொண்டதும் இதே ஊர்தான். 'புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?' என்று சுவரொட்டிகள் கேட்டு, டீக்கடையில் அது பேச்சானது 2000-களின் தொடக்கத்தில்தான். அந்த விளம்பரத்தைப் பலர் கேலியாக நினைவில் வைத்திருக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. டீக்கடையில் பத்து ஆண்கள் சத்தமாக அந்த நோயின் பெயரைச் சொன்னதை முதன்முதலில் கேட்டபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

எங்களிடம் பேச வந்தவர்களின் முகத்தை மறைப்பது எங்கள் தொழிலின் பாதி. அதை இன்றைய பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கும்போது கொஞ்சம் விரிவாகவே சொல்வேன். ஜன்னலுக்கு முன்னால் அவரை உட்காரவைத்து, வெளிச்சம் முதுகுப் பக்கம் இருக்கும்படி கேமராவை வைத்தால் முகம் இருட்டாகிவிடும். அதோடு வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள் உண்டு. எங்கள் கேமராமேன் அண்ணன் அங்கிருந்துதான் ஆரம்பிப்பார். சுவரில் மாட்டியிருக்கும் ஜவுளிக்கடை காலண்டரைக் கழற்றுவார். அதில் ஊர் பெயர் இருக்கும். தோட்டைக் கழற்றச் சொல்வார். ஒரு ஊரில் ஒரு பெண்ணை அவள் காதை வைத்தே அடையாளம் சொல்லிவிடுவார்கள் என்பார். கையில் மச்சம், பச்சைகுத்து, தழும்பு எதுவும் ஃப்ரேமுக்குள் வராமல் பார்ப்பார். வண்டியில் எப்போதும் இரண்டு மூன்று புடவை வைத்திருப்போம், அவர்கள் புடவையை வைத்து அக்கம்பக்கத்தார் கண்டுபிடிக்காமல் இருக்க. பின்னணியில் ரைஸ் மில் சத்தமோ கோயில் மைக்செட்டோ கேட்டால் அது ஓயும்வரை காத்திருப்போம்.

குரல்தான் பெரிய பாடு. எடிட்டிங்கில் சுருதியை இறக்கினால் அழுகிற பெண்ணின் குரல் பேய்க்குரல் மாதிரி வரும். அவமானப்பட்டவளை இன்னொரு தடவை அவமானப்படுத்துவதாகத்தான் எனக்கு அது தோன்றும். டப்பிங் கலைஞரை வைத்துப் பேசவைத்தோம். அவர் நன்றாகவே பேசினார், அதுவே பிரச்சினையாகிவிட்டது. நிஜமாக அழுதவள் அழுகையை அடக்கிக்கொண்டு பேசியிருந்தாள், டப்பிங்கில் வந்தவர் அடக்காமல் அழுதார். கடைசியில், அந்தந்தப் பெண்ணிடமே கேட்டு, சம்மதித்தவர்கள் குரலை அப்படியே விட்டோம். பலர் சம்மதித்தார்கள். தன் குரலில் தன் கதையைச் சொல்லிவிட வேண்டும் என்ற தவிப்பு அவர்களுக்கு இருந்தது.

அந்தத் தவிப்பை நான் அதிகம் பார்த்தது நாமக்கல் பக்கம். லாரிக்குப் பேர்போன ஊர். பாடி கட்டும் பட்டறைகள், வடக்கே போய் வாரக்கணக்கில் திரும்பாத டிரைவர்கள், கிளீனர்கள். அவர்களுக்கு வாழ்க்கைப்பட்டு, இருபது இருபத்திரண்டு வயதில் தாலி இறங்கி, அதன்பிறகு ரத்தப் பரிசோதனையில் தனக்கும் இருப்பதைத் தெரிந்துகொண்ட பெண்கள். 'இவ வந்த நேரம்தான் எம் மவன் போயிட்டான்' என்று மாமியார் சொல்லும் வீட்டில், அந்த மகன் எதைக் கொண்டுவந்தான் என்று சொல்ல வாய் இல்லாதவர்கள். அதே நாமக்கல்லைச் சேர்ந்த பி. கௌசல்யா, தனக்குத் தொற்று இருப்பதை வெளிப்படையாகச் சொன்ன இந்தியாவின் முதல் பெண்களில் ஒருவர். 1998-இல் தன்னைப் போன்ற பெண்களைச் சேர்த்து ஓர் அமைப்பையே சென்னையில் தொடங்கினார். அவர் முகத்தைக் காட்டினார் என்றால் அதைத் தீர்மானித்தது அவர். செய்தியாளரோ சேனலோ அல்ல. அந்த வேறுபாட்டை அப்போதே எங்களுக்குக் கற்றுக் கொடுத்தவர் என்று அவரைப் பற்றி எப்போதும் மரியாதையோடு சொல்வேன்.

மற்றவர்களுக்கு அந்தத் தெம்பு இல்லை. அவர்கள் மைக்கைப் புடவையில் மாட்டும்போது ஒரே ஒரு கேள்வியைத்தான் கேட்பார்கள்.

"ஏனுங்க்கா, இது ஒருக்காதானுங்களே வரும்?"

"ஆமாம்மா, ஒரு தடவைதான்" என்பேன். அது உண்மை. பத்தரை மணிக்கு வரும். அந்த ஊரில் அன்றைக்குக் கரண்ட் போனால் அதுவும் இல்லை. யாராவது வி.சி.ஆர். வைத்துப் பதிவு செய்தால் உண்டு, அப்படிச் செய்யும் வீடுகள் அவர்கள் ஊரில் இல்லை. பேட்டாகேம் டேப் விலை அதிகம் என்பதால் பல நிகழ்ச்சிகளின் டேப்பை எடுத்து அதன்மேலேயே வேறொன்றைப் பதிவு செய்துவிடுவார்கள். பெட்டியில் ஒருமுறை ஓடி, பார்த்தவர்கள் மனதில் கொஞ்ச நாள் இருந்து, பிறகு போய்விடும். பார்த்தவர்கள் எழுதும் தபால் அட்டைகளும் இன்லேண்ட் கடிதங்களும்தான் எங்களுக்கு மிஞ்சும். அந்த மறதியை நம்பித்தான் அவ்வளவு பேர் எங்கள் முன்னால் உட்கார்ந்தார்கள். மௌனத்தை எதிர்த்து நாங்கள் போராடினோம். மறதி எங்கள் கூடவே நின்று அவர்களைக் காத்தது.

அவர்களில் ஒருத்தி சொன்ன காரணம் வேறு. "நான் இன்னும் ரெண்டு வருசம் இருந்தாப் பெருசுங்க. சொல்லிட்டுப் போயிறேன். எம் புள்ளைக்கு நாளைக்கு யாராச்சும் சொல்லட்டும், உங்கம்மா தப்பு பண்ணலைன்னு." மடியில் இரண்டு வயதுப் பெண் குழந்தை. குழந்தைக்குத் தொற்று இல்லை. அன்றைக்கு இந்த நோய்க்கான கூட்டு மருந்தின் விலை மாதத்துக்குப் பல ஆயிரம். 2001-இல் சிப்லா நிறுவனம் ஆப்பிரிக்க நோயாளிகளுக்காக ஆண்டுக்கு 350 டாலருக்கு மூன்று மருந்துகளைத் தர முன்வந்தபோது உலகமே திரும்பிப் பார்த்தது. கிளீனரின் விதவைக்கு அந்தத் தொகைகூட எட்டாக்கனி. சாகப் போகிறோம் என்ற நிச்சயத்தில்தான் அவள் தன் சொந்தக் குரலில் பேசினாள்.

2004 ஏப்ரல் 1-ஆம் தேதி மத்திய அரசு ஏ.ஆர்.டி. எனப்படும் அந்தக் கூட்டு மருந்தை இலவசமாகக் கொடுக்க ஆரம்பித்தது. முதல் கட்டமாகத் தேர்வான சில மருத்துவமனைகளில் தாம்பரம் நெஞ்சக நோய் மருத்துவமனையும் ஒன்று. நாமக்கல்லிலிருந்து பஸ் ஏறித் தாம்பரம் வந்தவர்களில் அவளும் இருந்தாள். பிழைத்துக்கொண்டாள். நான் செய்தியாளராக இருந்த காலத்தில் எழுதிய செய்திகளிலேயே எனக்கு மிகவும் பிடித்தது அந்த மருந்து விநியோகம் தொடங்கிய செய்தி. காலையில் தாம்பரத்தில் வரிசையில் நின்றவர்களைப் பார்த்துவிட்டு வந்து, மாலைச் செய்தியில் அதைத் தலைப்புச் செய்தியாக்க மன்றாடினேன். மூன்றாவது செய்தியாக வந்தது.

பிறகு காலம் மாறியது. நல்லதாக மாறியவற்றை முதலில் சொல்ல வேண்டும். 2006-இல் விஜய் டி.வி.யில் தொடங்கிய 'நீயா நானா' மாமியார், மருமகள், பிள்ளை, பெற்றோர் எல்லோரையும் இரண்டு பக்கம் உட்காரவைத்துப் பேசவைத்தது. 2008-இல் தமிழ்நாடு அரசு அரவானிகள் நல வாரியத்தை அமைத்தது. அதே ஆண்டு 'இப்படிக்கு ரோஸ்' என்ற நிகழ்ச்சியில் திருநங்கையான ரோஸ் வெங்கடேசன் தொகுப்பாளர் நாற்காலியில் வந்து அமர்ந்தார். 2014 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் மூன்றாம் பாலினத்தை அங்கீகரித்தது. அந்த ஆகஸ்ட் 15 அன்று கோவையில் லோட்டஸ் தொலைக்காட்சியில் திருநங்கை பத்மினி பிரகாஷ் செய்தி வாசித்தார். யாருடைய முகத்தை நாங்கள் ஜன்னலுக்கு முன்னால் இருட்டாக்கினோமோ, அவர்களில் ஒருவர் முழு வெளிச்சத்தில் நாட்டு நடப்பைப் படித்தார். அன்று மாலை அந்தச் செய்தியை நான் திரும்பத் திரும்பப் பார்த்தேன். இருபது வருடம் எதற்காக உழைத்தோம் என்று யாராவது கேட்டால் அதைக் காட்டுவேன்.

கெட்டதும் வந்தது. 2011-இல் ஜீ தமிழில் தொடங்கிய 'சொல்வதெல்லாம் உண்மை' போன்ற நிகழ்ச்சிகளில் ஒரு குடும்பத்தின் அந்தரங்கம் முழு வெளிச்சத்தில் கேள்வி கேட்கப்பட்டது. ஏழைகள், எழுத்துப் பழக்கம் குறைந்தவர்கள், போலீஸ் ஸ்டேஷனும் கோர்ட்டும் கைவிட்டவர்கள் நியாயம் கிடைக்கும் என்று நம்பி அங்கே போனார்கள். 2018-இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. தடை சரியா தவறா என்பதை வழக்கறிஞர்கள் வாதாடட்டும். நான் பார்த்தவரை வசதியுள்ள குடும்பம் ஒன்றுகூட அந்த நாற்காலியில் வந்து உட்காரவில்லை என்பதே எனக்குப் போதுமான தீர்ப்பு.

பேசினால் போதும், மாறிவிடும் என்று நாங்கள் நம்பியிருந்தோம். 2018 பிப்ரவரியில், மலிவு விலை நாப்கின் எந்திரத்தை உருவாக்கிய கோவை முருகானந்தத்தின் கதையிலிருந்து உருவான 'பேட்மேன்' இந்திப் படம் வெளியானது. நாப்கின் என்ற சொல் எல்லாச் சேனல்களிலும் பட்டப்பகலில் கேட்டது. அதே ஆண்டு நவம்பரில் கஜா புயல் அடித்தபோது, பட்டுக்கோட்டை அருகே அணைக்காட்டில், வயதுக்கு வந்ததால் தனிக் குடிசையில் இருத்தப்பட்டிருந்த ஒரு சிறுமி தென்னை மரம் விழுந்து இறந்தாள். புயல் செய்திகளுக்கு நடுவே அது இரண்டு நாள் ஓடியது. தாலி, சாதி விஷயத்தில் திரை அதைவிட இறுக்கமாகவே இருந்தது. 2015-இல் தாலி பற்றி ஒரு விவாதத்தை ஒளிபரப்பவிருந்ததற்காகப் புதிய தலைமுறை அலுவலகத்தின் மீது டிபன் பாக்ஸ் குண்டு வீசினார்கள். எங்கள் காலத்தில் நிகழ்ச்சியைப் பத்தரை மணிக்குத் தள்ளினார்கள், அவ்வளவுதான். 2016 மார்ச் 13 அன்று உடுமலைப்பேட்டை பஸ் நிலையம் அருகே, சாதி மாறி மணந்த சங்கரை வெட்டிக் கொன்ற சி.சி.டி.வி. காட்சி நாள்கணக்கில் சுழன்று சுழன்று ஓடியது. உயிரோடிருந்த ஒரு பெண்ணின் தோட்டைக்கூட மறைத்த தொழிலில், ஒருவன் சாவதை அவன் வீட்டாரும் பார்க்கும்படி ஓட்டுகிறோமே என்று அன்று நான் செய்தி அறையில் உட்கார முடியாமல் எழுந்து வெளியே போனேன். அதன்பின் அதிக நாள் அந்த வேலையில் இல்லை.

இப்போது இதழியல் மாணவர்களுக்குப் பாடம் எடுக்கிறேன். சில மாதங்களுக்கு முன் நாமக்கல் பக்கத்திலிருந்து ஒரு போன். குரலைக் கேட்டதுமே தெரிந்துவிட்டது. எத்தனை வருடம் ஆனாலும் அந்தக் குரலை மறக்க மாட்டேன்.

"அக்கா, ஒருக்காதான் வரும்னீங்க. இப்ப அது சம்பந்தம் பேசறவங்க போன்ல இருக்குதுங்க."

அழிக்கப்படாமல் தப்பிய டேப்புகளை அந்தச் சேனல் டிஜிட்டலுக்கு மாற்றி யூடியூபில் ஏற்றியிருந்தது. பழைய படம் மங்கலாக இருக்கிறது என்று பிரகாசத்தைக் கூட்டியிருந்தார்கள். ஜன்னலுக்கு முன்னால் நிழலாக இருந்த முகத்தில் கண்ணும் மூக்கும் தெரிய ஆரம்பித்திருந்தன. மடியிலிருந்த குழந்தையின் முகமும். அந்தக் குழந்தைக்குத்தான் இப்போது மாப்பிள்ளை பார்க்கிறார்கள். பிள்ளை வீட்டாரின் உறவுக்காரர் ஒருவர் குரலைக் கேட்டு அடையாளம் கண்டு, வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டார். இரண்டு வருடத்தில் போய்விடுவோம் என்று நம்பிப் பேசியவளை மருந்து காப்பாற்றியது. அவள் பேச்சையும் யாரோ காப்பாற்றி வைத்துவிட்டார்கள், அவளைக் கேட்காமல்.

சேனலின் டிஜிட்டல் பிரிவுக்குப் போனேன். வெளிநாட்டில் படித்துவிட்டு வந்த, மிகவும் மரியாதையான ஓர் இளைஞர். "மேடம், உங்க புரோகிராம்ஸ் எல்லாம் செமையா போகுது. அப்பவே இவ்வளவு போல்டா பண்ணியிருக்கீங்களே" என்றார். அவருடைய பாராட்டில் பொய் இல்லை. அந்தப் பெண் கையெழுத்துப் போட்ட சம்மதக் கடிதத்தை ஸ்கேன் செய்து வைத்திருந்தார். ஒளிபரப்பச் சம்மதிக்கிறேன் என்று அதில் இருந்தது. ஆயுள் முழுக்க, உலகம் முழுக்க என்று அதில் இல்லை. அப்படி ஒன்று வரும் என்று எழுதும்போது யாருக்கும் தெரியாது. ஹெச்.ஐ.வி. பாதிப்புள்ளவர்களைக் காக்க 2017-இல் ஒரு சட்டம் வந்து 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கிறது என்பதை அவரிடம் எடுத்துக் காட்டினேன். நம்பிக்கையின் பேரில் தெரிந்துகொண்ட ஒருவரின் நோய் நிலையை, அவர் விவரம் அறிந்து எழுத்துமூலம் சம்மதிக்காமல் வெளியிடுவதை அது தடுக்கிறது. 1990-களில் போட்ட கையெழுத்தை யூடியூபுக்கான சம்மதமாக எடுத்துக்கொள்ள முடியாது என்றேன். மேலே கேட்டுச் சொல்கிறேன் என்றார். சில வாரம் கழித்து நீக்கினார்கள்.

ஆனால் அதற்குள் வெட்டி ஒட்டிய துண்டுகள் வேறு பக்கங்களுக்குப் போய்விட்டன. 'எய்ட்ஸ் வந்த இளம் மனைவியின் கண்ணீர்' என்று சிவப்பு எழுத்தில் தலைப்பிட்டு, ஓரத்தில் அம்பு போட்டு. யார் ஏற்றியது என்று தெரியாத பக்கங்கள். அந்தச் சம்பந்தம் முறிந்துவிட்டது.

இதை எதிர்த்து இப்போது வேலை செய்வது அந்த மகள்தான். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி அலுவலகத்தில் கணக்குப் பார்க்கிறாள். இரவில் உட்கார்ந்து ஒவ்வொரு துண்டாகத் தேடி, புகார் கொடுத்து, நீக்கப்பட்டதை ஒரு நோட்டில் எழுதி வைக்கிறாள். அம்மா பேசியதைக் குறித்து அவளுக்கு வெட்கம் கிடையாது. "எங்கம்மா தப்பு பண்ணலைன்னு அந்த வீடியோவப் பாத்துத்தானுங்க்கா எனக்கே தெரியும். அத நான் பாக்கறது வேற. ஊர்ல போறவனெல்லாம் பாக்கறது வேற" என்றாள். என்னிடம் அவள் கேட்டது, நீக்குவதற்கு முன் முழு நிகழ்ச்சியின் ஒரு பிரதியைத் தனக்கு வாங்கித் தர முடியுமா என்று. வாங்கிக் கொடுத்தேன்.

மாணவர்களோடு சேர்ந்து ஒரு புதிய சம்மதப் படிவம் தயாரித்திருக்கிறேன். எந்தத் திரையில், எவ்வளவு காலம், மறுபடி வெளியிடும்போது யாரைக் கேட்க வேண்டும், படத்தைத் திருத்தும்போது மறைத்த முகம் மறைந்தே இருக்கிறதா என்று யார் பார்ப்பது, வேண்டாம் என்று தோன்றினால் எந்த எண்ணைக் கூப்பிடுவது என்றெல்லாம் பேச்சுத் தமிழில் எழுதியது. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு அதை வாசித்துக் காட்டி, வாசித்ததையும் பதிவு செய்ய வேண்டும். வரைவை அந்தப் பெண்ணுக்கும் மகளுக்கும் அனுப்பினேன். அம்மா ஒன்றும் மாற்றவில்லை. மகள் கடைசியில் தன் கையெழுத்தில் ஒரு வரி சேர்த்து அனுப்பினாள்: 'என் மடியிலிருக்கும் குழந்தை பதினெட்டு வயதானபின் கேட்டாலும் நீக்க வேண்டும்.'

அந்த வரியோடு படிவத்தைச் சேனல்களுக்கு அனுப்பியிருக்கிறேன். ஒரு சேனலின் செய்தி ஆசிரியர் நாளையிலிருந்தே பயன்படுத்துகிறோம் என்றார். பழைய டேப்புகளில் இருப்பவர்களையும் தேடிப் போய்க் கேட்பீர்களா என்றேன். அதற்கு ஆள் வேண்டும், பட்ஜெட் வேண்டும் என்றார். ஆட்களை நான் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். என் வகுப்பில் பயண ஆசையுள்ள பிள்ளைகள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.